அறுமீனுக்கும் ரோகிணிக்கும் நடுவே

பழைய சாமான் சந்தையில் நாற்பது யூரோ.
தோள்வாரில் எழுதியிருந்த பெயர்
தேய்ந்து தேய்ந்து
‘னென்’ என்று வால் மட்டும் மிச்சம்.
குஹ்மோவில் பாதிப் பேருக்குப் பெயர் அப்படித்தான் முடியும்,
யாரென்று தேடித் திருப்பிக் கொடுப்பது?

முதல் படம் முற்றத்து முயல்.
காதுக்குச் சற்று மேலே
கடுகளவு சிவப்பு.
லென்ஸைத் துடைத்தாள் இர்மெலி.
அடுத்தது புல்லா,
படுக்கக் கூடாத சோபாவில் படுத்திருந்த நாய்.
மூக்கில் அதே சிவப்பு.
மறுபடி துடைத்தாள்.
பிறகு காப்பிக் கோப்பை, விறகு அடுக்கு,
அவள் ஓட்டும் பள்ளி டாக்சியின் பின் இருக்கையில்
வாய் பிளந்து தூங்கிய ஓனி
(அம்மாவிடம் கேட்டுத்தான் எடுத்தாள்).
அவன் கன்னத்தில்
யாரோ வைத்து அனுப்பிய
திருஷ்டிப் பொட்டு.

கயானி கடைக்காரன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
உள்ளே கோடி மணிகள் இருக்கின்றன,
ஒன்று மட்டும்
கண்ணை மூட மாட்டேன் என்கிறது, என்றான்.
மாற்றினால் என்ன ஆகும் என்று ஒரு தொகை சொன்னான்.
அவள் பாட்டரி ஒன்று வாங்கிக்கொண்டு
நூறு கிலோமீட்டர் திரும்பி வந்தாள்.

அதற்குப் பின் அந்தப் பொட்டை
எங்கே உட்கார வைப்பது என்பதே வேலை.
பனி மூடிய பழக்கொத்தில்
ஒரு பழமாக.
குருவியின் செம்மார்பில்
ஒரு இறகாக.
அண்டை வீட்டு சௌனாவின் புகைபோக்கியில்
வைத்துப் பார்த்தாள்; தீப்பிடித்த மாதிரி இருந்தது,
அழித்துவிட்டாள்.

ஜனவரியில் ஒரு நாள்
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
இன்னொரு பாட்டரி அக்குளில்,
முக்காலியின் ஒரு கால் டேப் சுற்றியது.
மூச்சை விட்டால் லென்ஸ் மங்கும் என்று
மூச்சை வாங்கி வைத்துக்கொண்டு
பதினைந்து வரை எண்ணினாள்.
புல்லா குறுக்கே ஓடியது.
படத்தில் நாய் இல்லை.
ஓடுகிறவர்களை இருட்டு கணக்கில் எடுப்பதில்லை போலும்.
வானம் மட்டும் இருந்தது:
அவர்கள் சல்லடை என்று சொல்லும் அறுமீன்,
கீழே ரோகிணி,
இரண்டுக்கும் நடுவே
முதல்முறையாக யார் கண்ணையும் உறுத்தாமல்
அது.

தீயணைப்புத் தொண்டர்களின் நாட்காட்டிக்கு
அந்தப் படத்தைக் கொடுத்தாள்.
அடுத்த ஆண்டின் பிப்ரவரி கிடைத்தது.
மளிகைக் கடையில், பல் மருத்துவரிடம்,
ஓனியின் வகுப்பில்
மாட்டினார்கள்.

பிப்ரவரி ஆறாம் தேதி
கதவைத் தட்டியவர் தவ்னோ ஹெய்க்குரா.
மூன்று இரவு தூங்காத கண்.
மீசையில் உறைபனி.
வரைபடத்தில் இல்லை, என்றார்.
நானும் பார்த்தேன், தொலைநோக்கியிலும் இல்லை.
ஒருவேளை
அன்று மட்டும் வெடித்துப் போனதோ என்னவோ,
நீங்கள்தான் பார்த்திருக்கிறீர்கள்,
வேறு யாருமே…

அவள் காப்பி ஊற்றினாள்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
நாயின் படத்தை எடுத்து வைத்தாள்.
பிறகு முயல். பிறகு ஓனி.

தவ்னோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப்
போட்டுக்கொண்டார்.
ஓனியின் கன்னத்தில் விரலை வைத்தார்.
அதை எடுக்கவே இல்லை, நெடுநேரம்.
காப்பி நன்றாக இருக்கிறது, என்றார்.
இன்னொரு கோப்பை கேட்டார்.

அவர் போன பின்
காமிரா இல்லாமல் முற்றத்துக்கு இறங்கினாள்.
தெளிந்த வானம்.
அறுமீன், ரோகிணி,
நடுவே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாத இடத்தை
இத்தனை சரியாகத் தெரிந்தவர்கள்
ஊரில் இப்போது இரண்டு பேர்.
புல்லா பனிச் சூடு தாங்காமல்
ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து
எப்போது உள்ளே போவோம் என்று
அவளைப் பார்த்தது.