அடகுச் சீட்டு, செட்டியார் தெரு

கைக்குட்டை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள்.
கண்ணாடி மேசையில் விழுந்தது,
கிண்ணென்று இல்லை.
நல்ல தங்கம் அப்படிக் கத்தாது.

பெயர்: திரேசம்மா குரூஸ்.
ஊர்: மாந்தைப் பக்கம்.
இப்போது: கொட்டாஞ்சேனையில் ஓர் அறை.
கிணறு தூர் வாரும்போது வந்ததாம்.
யாருடைய கிணறு, எப்போது, கேட்கவில்லை.
இந்தத் தெருவில் கேள்வியெல்லாம்
உரைகல் கேட்டால் போதும்.

ஏழு கிராம், இருநூறு மில்லி.
பவுனுக்குக் கொஞ்சம் குறைவு.
உரைத்தேன். அமிலம் விட்டேன்.
கோடு மஞ்சளாகவே கிடந்தது.
நாங்கள் விற்கும் எந்தத் தாலியும்
இவ்வளவு சுத்தமில்லை.

முன்பக்கம் ரோமாபுரி அரசன்:
எருதுக் கழுத்து, வெற்றி தின்று பருத்த தாடை.
கன்னத்தில் ஓர் உளிவெட்டு, பழசு.
என் தொழில்காரன் எவனோ
இரண்டாயிரம் வருசத்துக்குக் கிட்ட,
உள்ளே ஈயமோ என்று பார்த்திருக்கிறான்.
அரசன் என்பதற்காக
அவன் கை நடுங்கவில்லை.

திருப்பினேன்.
மரத்தடியில் ஒருத்தி குந்தியிருந்தாள்.
பனை என்றுதான் முதலில் நினைத்தேன்.
லென்ஸை வைத்தால் பேரீச்சை.
குனிந்த தலை,
முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகள்.
பிடித்த நாட்டைப் பெண்ணாக்கி
பிடித்தவன் அடித்த காசு.
சம்பளமாய்ப் போய், மிளகுக்கு மாறி,
கப்பலேறி, யாரோ கழுத்தில் தொங்கி
(நூல் கோத்த துளை இரண்டு, அவள் தலைக்கு மேலே)
சேற்றில் கிடந்து, பஸ்ஸில் கொழும்புக்கு வந்தும்
அவளை ஒருவரும் எழுப்பிவிடவில்லை.

"உருக்கினால் சேதாரம் போக என்ன வரும்?"
உள்ளேயிருந்து முதலாளி.
"விக்க இல்லை," என்றாள் திரேசம்மா. "அடகுதான்."
பிறகு, குரலை இறக்கி:
"அவவின்ர கையைக் கவனிச்சனீங்களோ?"

சீட்டில் 'விவரம்' என்ற கட்டம்
ஒரு விரல் அகலம்.
பழைய காசு ஒன்று, துளை இரண்டு, வெட்டு ஒன்று
என்று எழுதினேன்.
ஓரத்தில் இடம் மிஞ்சியது.
பெண் ஒருத்தி
என்றும் எழுதினேன்.

ஆயிரம் ரூபாத் தாள்களை
எச்சில் தொட்டு எண்ணிக்கொண்டு போனவள்
நடுவில் ஒன்றை உருவி மேசையில் வைத்தாள்.
"இதை மாத்தித் தாங்கோ."
கிழிஞ்சிருக்கோ?
"இல்லை."

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.
சிப்பாய்கள் கொடி நட்டுக்கொண்டிருந்தார்கள்.

லாச்சியில் வேறொன்று தேட
எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.
அதுவரை அவள்
சீட்டை மடிக்காமல்
வாசித்துக்கொண்டிருந்தாள்.