ஜப்தி

பூனைக்கு அந்தப் பேரை வைத்தவள் குணவல்லி.
என் பேனா மூடி, அவள் கொலுசில் கழன்ற ஒரு முத்து,
பக்கத்து மாடியில் காய்ந்த நெத்திலி,
எது கண்ணில் பட்டாலும்
முன்னறிவிப்பின்றிக் கைப்பற்றி
பீரோவுக்கு அடியில் சேர்த்துவிடும்.
"உன் வேலையத்தான் இதுவும் பாக்குது" என்றாள்.

சத்துவாச்சாரி கோர்ட்டில் நான் அமீனா.

எலி என்றால் அதற்கு அலட்சியம்.
அடுப்படியில் ஒன்று
தேங்காய் மூடியை உருட்டிக்கொண்டே போகும்,
இது கொட்டாவி விடும்.
ஆனால் முருங்கையில் பச்சோந்தி நிறம் மாறிய அன்று
சோறு தண்ணி இல்லை.
மலைப்பாறையிலிருந்து வழிதவறி வந்த உடும்பு
தண்ணீர்த் தொட்டி மேல் வெயில் காய்ந்தபோது
சன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டி ஒட்டி
ஓர் ஈரவட்டம் விழுந்தது.
இன்னும் துடைக்கவில்லை நாங்கள்.
கோட்டைக் கோயில் மண்டபத்தில் எடுத்த
யாளியின் படத்தைப் போனில் காட்டினேன்.
முன்னால் மோந்தது.
பிறகு போனைச் சுற்றிப் போய்ப் பின்னாலும் பார்த்தது,
உடம்பின் மிச்சம் அங்கே இருக்குமென்று.

பாலாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க
ஊரே பாலத்தில் நின்ற வாரம்,
கொல்லைக் கதவிடுக்கு வழியாக
முதுகு நிறைய மஞ்சள் நட்சத்திரங்களோடு
ஒன்று மெதுவாக உள்ளே வந்தது.
"இன்னாங்க, ஆம வந்துகீது ஊட்டுக்குள்ள!"
வாடகை வாங்க வந்த தெய்வசிகாமணி
படியிலேயே நின்றுவிட்டார்.
ஆமை புகுந்த வீடும்
அமீனா புகுந்த வீடும்...
பாதியில் என் முகத்தைப் பார்த்து
மீதியை விழுங்கினார்.
பதினொரு வருஷமாய் மாலை ஆறரைக்கு
இந்த வீட்டுக்குள் புகுந்துகொண்டிருக்கிறேன்.
ஆமைக்கு இதுதான் முதல் தடவை.

ஜப்தி அதைக் கைப்பற்றவில்லை.
முன்னங்கால்களை மடித்து எதிரே உட்கார்ந்து
கழுத்து வெளியே வரும்வரை காத்திருந்தது.
வந்ததும் துள்ளி, இரண்டடி பின்வாங்கி, சீறி,
யாரும் பார்த்தார்களா என்று பார்த்துவிட்டு
வாலை நக்கிக்கொண்டது.
இரண்டாம் நாள் ராத்திரி
பீரோவுக்கு அடியிலிருந்து என் பேனா மூடியைக் கவ்வி வந்து
ஆமையின் முன்னால் வைத்தது.
எனக்கு ஒன்றுகூடத் திருப்பித் தந்ததில்லை.

வீட்டில் வைத்திருந்தால் குற்றம்.
சட்டம் தெரியாதா எனக்கு?
நானேதான் போன் செய்தேன்.
அட்டைப்பெட்டியோடு வந்த வனக்காப்பாளர்
ஒரு தாளில் கையெழுத்து கேட்டார்.
'நட்சத்திர ஆமை, உயிருடன், ஒன்று.'
எத்தனை தாள் நீட்டியிருக்கிறேன் இப்படி.
என் வாசலில் இதுதான் முதல்.
ஆட்சேபம் உள்ளவர் பேரை எழுத
அதில் கட்டம் இல்லை.
ஜீப் திரும்பிய பிறகும்
கேட் கம்பிக்கு இடையே தலையை நீட்டி
கத்திக்கொண்டே இருந்தது.

கொசப்பேட்டையில் ஃபிரிட்ஜை இறக்கிய அன்று
"மாவுப் பாத்திரத்த மட்டும் எடுத்துக்கறன்" என்றாள் ஒருத்தி.
ஏனோ அது ஞாபகம் வந்தது.

இன்று காலை பார்க்கிறேன்,
தரையில் கவிழ்த்த என் ஹெல்மெட்டின் முன்னால்
கால்களை மடித்து உட்கார்ந்திருக்கிறது.
நடுவில் பேனா மூடி.
கழுத்து வரட்டும் என்று காத்திருக்கிறது.

மணி ஒன்பதே முக்கால்.
பத்துக்கு கோர்ட்டில் இருக்கணும்.
கையில் வாரண்டு இல்லாமல்
எப்படி எடுப்பது?