துடைக்கக் கூடாத தூசி

ரூவியில் அதிகாலை மூன்றரைக்கு
எனக்கு முப்பத்துமூன்று கார்கள்.
பதினொரு வருடத்தில் தூசியைப் பார்த்தே சொல்வேன்:
இது பாலைமணல், ஈரத்துணிக்குப் பணியும்.
இது கட்டடச் சிமெண்ட், விட்டால் பிடித்துக்கொள்ளும்.
இது வேப்பமரத்தடியில் நிறுத்தியவரின் தலையெழுத்து.

அன்றைக்கு வந்தது எதிலும் சேரவில்லை.
சாம்பல் நிறம்,
ஆனால் அடுப்புச் சாம்பலின் மெத்து இல்லை.
விரலிடுக்கில் நறநறத்தது.
காற்றில் தீக்குச்சி உரசிய வாடை.
வாளியில் போட்டேன்; கரையவில்லை,
அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

துடைத்தேன். வேறென்ன தெரியும் எனக்கு?

விடிந்ததும் இருநூற்று நான்காம் வீட்டு ஹமூத்
வெள்ளைப் பிராடோவின் மூக்கில் விரல் ஓட்டினார்.
என் துணி போன வழியெல்லாம்
வளைவு வளைவாய்க் கீறல்,
கோழி கிளறிய களம்போல.

அறையில் என் மேல்கட்டில் ஹமாது,
செங்கடலுக்கு அந்தப் பக்கத்து ஆள்.
இரவெல்லாம் போனை வெறித்திருந்தவன்
என் துணியை உதறி வெளிச்சத்தில் பிடித்தான்.
மினுக்கியது.
“எங்கள் மலை” என்றான்.
“கண்ணாடி இது. உருகி, நுரைத்து, நொறுங்கிய கல்.”

எங்களுக்குள் பாதி இந்தி, பாதி அரபி.
அதற்கும் எட்டாததற்கு
அவன் கூரையைக் காட்டினான்.
போன நோன்பு மாதம்
ஒரு துவரந்தோல் குக்கரின் விசில் துளையை அடைக்க,
“சத்தமே இல்லை, அடங்கிவிட்டது” என்று
பழனிவேலு கிட்டே போனான்.
மூடி அடித்த வட்டம் கூரையில் இன்னும் இருக்கிறது.
பழனிவேலுவின் காதும் இன்னும் சரியில்லை.

தண்ணிக் குழம்பென்றால் வழிந்து ஓடும்,
தள்ளி நின்று பார்க்கலாம்.
கெட்டிக் குழம்பு அப்படியில்லை;
தன் வாயில் தானே உறைந்து
தானே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும்.
உள்ளே ஆவி கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும்.
“புகைகிற மலையடியில் ஆடு மேய்க்கலாம்.
புகை நின்ற மலையடியில் மேய்க்காதே.”

கையை உயர்த்தினான்,
கட்டிலுக்கு மேலே, மின்விசிறிக்கு மேலே.
விமானம் போகிற உயரத்தையும் அது தாண்டுமாம்.
அப்போதுதான் உறைத்தது,
காலையிலிருந்து வானத்தில் ஒரு விமானம்கூட இல்லை.
பிறகு கையைத் தொப்பென்று விட்டான்.
மெத்தைமேல் வழுக்கிக்கொண்டு அது என் முழங்காலுக்கு வந்தது.
ஏறிய மேகம் சூடு தாங்கும்வரைதான் ஏறும்;
களைத்தால் சரிவில் இறங்கும்,
கல்லும் காற்றும் நெருப்பும் ஒன்றாய்,
தரையோடு தரையாய்.
“பிராடோ இருந்தால்?” என்றேன்.
அவன் தண்ணீர் கேட்டான்.

அவன் அக்கா ஆஸியாவின் குடிசைக்கு அது வரவில்லையாம்,
சாம்பல்தான் வந்ததாம், முழங்கை உயரம்.
மழை பெய்தால் கூரை பாரம் தாங்காது.
பெய்யாவிட்டால் மூச்சு தாங்காது.
நாற்பத்தோரு ஆடுகளும் புல்லைத்தானே தின்னும்,
புல்லோடு அதையும்.
முதலில் பல் தேயும், என்றான்.
பிறகு என்னவென்று சொல்லவில்லை.
அதோடு போனும் போய்விட்டது.

சூபர்வைசர் ஆறு ரியால் பிடித்தார்.
தண்ணீரை ஊற்ற மட்டும்தான் வேண்டும்,
துணியே படக் கூடாது என்று
யார் எனக்குச் சொன்னார்கள்?
அதைக்கூடக் கேட்கவில்லை நான்.
வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டேன்.
ஹமாது என்னையே கவனித்தான்,
புகை வருகிறதா என்று பார்ப்பவன்போல.

மூன்றாம் நாள் இரவு லைன் கிடைத்தது.
முதலில் இருமல், வெகுநேரம்.
பிறகு அவள் ஏதோ கேட்டாள்.
இவன் தன் மொழியில் நீளமாய்ச் சொன்னான்;
நடுவில் என் பெயர் வந்தது,
பிராடோவும் வந்தது.
அந்தப் பக்கம் அவள் சிரித்ததுபோல் கேட்டது.
இருமலாகவும் இருக்கலாம்.