பதினொரு நொடி

ட்ரெய்லர் மொத்தமே பதினொரு நொடி:
ஒரு கலங்கரை விளக்கம், பூட்டிய கதவு,
உச்சியில் கிழிந்த கொடி.

தடைக்காலம். பாம்பனில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன.
ஐஸ் கம்பெனி நிழலில்
ஒரே போனுக்கு நான்கு தலை.

கதவுக்குப் பின்னால் தங்கச்சிதான் என்றான் நிஸ்தார்.
அவள்தான் முதல் பாகத்திலேயே
கடலோடு போய்விட்டாளே என்றேன்.
‘பொணத்தக் காட்டுனானா?
காட்டலன்னா ரெண்டாம் பாகத்துல வருவா.
எல்லா கேம்லயும் அப்படித்தான்.’

கின்ஸ்டன் வீட்டில்
அண்ணன் படத்துக்கு இன்னும் மாலை போடவில்லை.
எல்லோரும் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்தோம்.

ஏழாவது நொடியில் அவன் விரல் வைத்து நிறுத்தினான்.
‘கொடியப் பாரு, பொழுது எறங்குற பக்கம் பறக்குது.
வாடக் காத்து.
கார்த்திகைக்கு முன்னால வராது.’

சார்ஜ் நாலு சதவீதம்.
மறுபடி ஓடவிட்டான்.