ரயில் இல்லாத நேரம்

கடைசி ரயில் பன்னிரண்டுக்குப் போக வேண்டியது.
மெர்டேக்கா இரவு, கூட்டம்;
ஒன்றே முக்காலுக்குத்தான் போனது.
முதல் ரயில் நாலரைக்கு.
நடுவில் இருப்பது எங்கள் நேரம்.
அதிலும் மின்சாரம் துண்டித்தாயிற்று என்று
லாய் கோக் வெய் கையெழுத்துப் போடப் பத்து நிமிடம்,
திரும்பக் கொடுக்கப் பத்து நிமிடம்.

டாங் வாங்கிக்கும் மஸ்ஜித் ஜாமெக்குக்கும் இடையே
சுரங்கத்தில் நடக்கிறேன்.
கையில் நீளக் காம்புச் சுத்தியல்.
தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கவ்விகளை
ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்பது என் வேலை.
நல்ல கவ்வி ணங் என்னும்.
கெட்டது டொக்.
பதினோரு வருடமாக
வீட்டுப் பேச்சைவிட
இந்த இரண்டு சொல் பாஷையைத்தான்
அதிகம் கேட்டிருக்கிறேன்.

ணங். ணங். ணங்.
தலைக்கு மேலே எங்கோ வாணவெடியின் மிச்சம்.
மண்ணைத் துளைத்து வருவதற்குள் அது
மாடி வீட்டில் யாரோ நாற்காலி இழுப்பதுபோல் ஆகிவிடுகிறது.
ணங்.
டொக்.

"சோனா, பெராப்பா?" என்கிறார் அபாங் ஜுனைடி.
(நான் சொர்ணாம்பிகை.
தலைக்கவசத்தில் அவ்வளவு இடமில்லை.)
மூன்று, என்கிறேன். வரிசையாக.

ஒரு கவ்வி விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது.
பக்கத்துக் கவ்வி தாங்கும்.
அதுவும் விட்டால் அதற்கடுத்தது.
தாங்குகிறதே என்று
யாரும் போய் அதைப் பார்ப்பதில்லை.
நான் கவ்வியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் ஸ்டேஷன் திரையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்,
உழைப்பவர்களே நாட்டின் முதுகெலும்பென்று.
என் முதுகில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
தேய்மானம்.
பல்கலைக்கழக மருத்துவமனையில் படம் எடுத்து
வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்கள்.
நாட்டுக்கும் அப்படியொரு படம் எடுத்தால்
கேம்ராஜ் அதில் எந்த மூலையில் தெரிவான்?
நேப்பாளத்துப் பையன்.
முட்டி போட்டுக் கடப்பாரையால் நெம்புகிறான்;
பழைய ரப்பர் அட்டை அப்பளமாய் நொறுங்கி வருகிறது.
நெம்பும்போது நாக்கைக் கடித்துக்கொள்வான்.
பெண் பிறந்து நாற்பது நாள்.
போனில் பார்த்ததோடு சரி.

மணி மூன்று ஐம்பது.
மூன்றாவது கவ்வி ஏறவில்லை.
ஜுனைடி திட்டவில்லை.
அவர் திட்டாவிட்டால்தான் எங்களுக்குப் பயம்.
லாய் கோக் வெய்க்கு இது வேலையே இல்லை;
கைவிளக்கைப் பல்லில் பிடித்துக்கொண்டு
கடப்பாரையின் மறுமுனைக்கு வந்தார்.
நாலு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தோம்.
என் முதுகு என்னமோ சொன்னது.
ஏறிவிட்டது.

தட்டினேன்.
மூவரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள்.
கச்சேரியில்கூட யாரும்
அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.
ணங்.

வேலை வண்டி டாமாயில் இறக்கிவிட்டது.
ஆளுக்கொரு நாசி லெமாக்.
கேம்ராஜ் நெத்திலியை என் பக்கம் தள்ளிவிட்டான்.
கெரிஞ்சிக்குப் போக முதல் ரயிலில் ஏறினேன்.
ஓட்டுநர் இல்லாத ரயில்;
ஆளே தேவையில்லை என்று
விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்தார்கள்.
உள்ளே அணிவகுப்புக்குப் போகிற கூட்டம்,
தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள்.
ஒரு குச்சிக்கொடி என் காதைக் குத்தியது.
வெள்ளைச் சட்டைப் பெண் ஒருத்தி
என் ஜாக்கெட் கிரீஸுக்குப் பயந்து சற்று நகர்ந்தாள்.
நியாயம்தான். நானும் நகர்ந்திருப்பேன்.

டாங் வாங்கி தாண்டியதும்
காலால் கேட்க வேண்டும் என்றிருந்தேன்.
அந்த மூன்று கவ்விக்கு மேலே
ஒரு சின்ன உதறல்
இருக்கிறதா, இல்லையா.

கண் திறந்தபோது தாமான் ஜெயா.
பெட்டியில் யாருமில்லை.
எதிர் இருக்கைக்கு அடியில்
ஒரு குச்சிக்கொடி உருண்டுகொண்டிருந்தது.
எடுத்துப் பையில் வைத்தேன்,
சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில்.

திரும்பிப் போகும் ரயிலுக்கு
ஏழு நிமிடம் என்றது பலகை.
உட்கார்ந்தால் மறுபடி தூங்கிவிடுவேன்.
நின்றுகொண்டிருந்தேன்.