அரை கிராம்

என் தொழில் காப்பி எடை போடுவது.
மிச்ச நேரத்தில்தான் மற்றது.

த்ரியெஸ்த் துறைமுகம், ஏழாம் எண் கிடங்கு.
ஹராரிலிருந்தும் சாந்தோஸிலிருந்தும் வரும் மூட்டைகளில்
குத்தூசி இறக்கி ஒரு பிடி எடுப்பேன்.
முகர்வேன், தராசில் வைப்பேன், எழுதுவேன்:
ஈரம் இவ்வளவு, கல் இவ்வளவு, பொய் இவ்வளவு.
பொய்க்கு எடை உண்டு.
பெரும்பாலும் மூட்டைக்கு ஒன்றரை கிலோ.

மாதம் ஒரு வியாழன் பாவ்லெட்டிச் வருவார்.
அது அவர் பெயரில்லை.
எனக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்,
எனக்குப் பிடிக்காத பெயர்.
பொன்தெரோஸ்ஸோ சந்தையில் வாங்கிய ஜீன்ஸைப்
பொட்டலமாக நீட்டுவார்.
இடுப்புப் பொத்தான் உள்ளே குடைந்தது;
குடைவுக்குள் படச்சுருள்.
என்ன படம் என்று கேட்டதில்லை.
எல்லைக்கு அப்பால், செஜானா ரயில் நிலையத்தில்
கழிவறை துடைக்கும் லுத்விகா
"அளவு சரியாயிருக்குமா?" என்று வாங்கிக்கொள்வாள்.

அந்த வியாழன் போரா அடித்தது.
ஆளைத் தூக்கும் காற்று அது;
பிடித்து நடக்கத் தெருவோரம் கயிறு கட்டியிருந்தார்கள்.
பாவ்லெட்டிச் கயிற்றைத் தொடாமல் வந்தார்.
முதல்முறையாகக் கை குலுக்கினார்.
"பார்த்துப் போ, நெவென்கா" என்றார்,
என் சொந்தப் பெயரில்.

பொத்தானை எப்போதும்போல எடை போட்டேன்.
பிறகு இன்னொரு முறை போட்டேன்.
முந்தைய பதினான்கும் ஆறு கிராம்.
இது ஐந்தரை.
முள் நின்ற இடத்தில்
நானும் கொஞ்ச நேரம் நின்றேன்.

வெறும் பொத்தான்.
அப்படியானால் சாவடிக்குச் செய்தி போய்விட்டது:
பச்சைக் கோட்டு, முப்பத்தெட்டு வயது, ஜீன்ஸ்.
நாலு காவலர் என்னைச் சுற்றிக் குவிந்திருக்கையில்
அதே பேருந்திலிருந்து இன்னொருவர்
குடையை மடக்கிக்கொண்டு கடந்துவிடுவார்.
கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க
அடியில் வைக்கும் கல், நான்.

போகாவிட்டால் பாவ்லெட்டிச்சுக்குத் தெரியும்.
போனால் அவர்களுக்குத் தெரியும்.

இன்னும் மூன்று ஜீன்ஸ் வாங்கினேன்.
குடைந்ததைக் கடலில் எறிந்துவிட்டு
சாதாரணப் பொத்தான் தைத்தேன்.
ஒன்றின்மேல் ஒன்றாக நான்கையும் மாட்டி
கால்களுக்கிடையே வறுத்த காப்பி மூன்று கிலோ திணித்தேன்.
அந்தப் பக்கம் அப்போது காப்பிக்குப் பஞ்சம்.
சனிக்கிழமைப் பேருந்தில் பாதிப் பெண்கள் இப்படித்தான்,
முழங்கால் மடங்காமல் ஏறுவார்கள்.

"பச்சைக் கோட்டு, இறங்கு."

அறையில் மார்ஷலின் படம், ஒரு மின்னடுப்பு,
ஒரு பெண் அதிகாரி.
வெங்காயம் உரிப்பதுபோல் உரித்தாள்.
ஒவ்வொரு தோலுக்கும் காப்பி கொட்டியது.
நான்கு பொத்தானையும் இடுக்கியால் பிடுங்கி
நசுக்கிப் பார்த்தாள்.
நசுங்கின, அவ்வளவுதான்.
கடைசியில் ஒரு கொட்டையைக் கடித்தாள்.
"சாந்தோஸ்?"
"ஹரார்."
சிரித்துவிட்டாள். சரக்குப் பறிமுதல், அபராதம், ரசீது.
பதினோரு நிமிடம்.

ஒரு காலை முழுவதும் என்னோடு கழியும் என்று
வந்திருந்த காவலர்களுக்கு
இப்போது கையில் நேரம் மிச்சம்.
அவர்கள் பேருந்துக்குப் போனார்கள்.

இடுப்பைக் கையால் பிடித்தபடி நான் ஏறியபோது
என் பின்சீட்டு காலி.
குடை வைத்திருந்தவர் முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தார்.
காலி இருக்கையில்
ஊசியிரண்டும் குத்தியபடி ஒரு பின்னல்.
நீலக் கம்பளி, குழந்தைச் சட்டையின் ஒரு கை,
மணிக்கட்டுவரை வந்திருந்தது.
ஒன்றரை மணி நேரம் முதுகுக்குப் பின்னால்
அந்த ஊசிகள் உரசியிருக்க வேண்டும்.
நான் ஆணைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் வேறொருவர் பொட்டலத்தோடு வந்தார்.
பெயர் பாவ்லெட்டிச் என்றார்.
சரி என்றேன்.

கம்பளிக் கை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.
நாற்பது கிராம் இருக்கலாம், ஊசி நீங்கலாக.
தராசு அருகில்தான்.
போட்டுப் பார்க்கவில்லை.