தொள்ளாயிரம் கிராம்

கணவாய்க் காற்று அடங்கும்வரை
கண்ணாடிப் பஞ்சுப் பையைப் பிரிக்கக்கூடாது.
எட்டிமடையில் ஆனி மாதக் காற்று
எப்போது அடங்கும் என்று
வாளையார் மலைக்கே தெரியாது.
அதுவரை ரிவெட்டுகளைத் துளைத்துக்கொண்டிருந்தேன்.
மொத்தம் பதினான்கு.
பதினொன்று ஒழுங்காக வந்தன.
மூன்று மட்டும் டிரில்லோடு சேர்ந்து சுற்றின,
கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு
எதையும் செய்யாத எங்கள் மேனேஜர் மாதிரி.

பின்வீட்டு மருதாசலம்
இரவெல்லாம் சரக்கு ரயில் ஓட்டிவிட்டு வந்து தூங்குகிறார்.
யானை குறுக்கே வரும் வளைவில்
ஹாரன் அடித்து அடித்து
அவர் காதுக்குள் வேறொரு காடு இருக்கிறது.
ஜன்னலில் நீலத்திரை.
அது விலகினால்தான் நான் சத்தம் போடலாம்.
போன மாதம் ஒப்பந்தத்தை மீறியது நானல்ல, கார்.
அதிகாலை ஒரு உறுமல்.
பாதித் தூக்கத்தில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து
பிரேக்கைத் தேடினாராம்.

வாளையாருக்கு அந்தப் பக்கம்
சத்தத்தை அளக்கும் கருவியோடு ஒருவர்
மலையாளத்தில் அபராதம் எழுதினார்: மரகதம்.
இந்தப் பக்கம் இன்னொருவர்
தமிழில் எழுதினார்: மகரதவல்லி.
இரண்டு தாளிலும் நான் இல்லை.
பணம் மட்டும் என்னுடையது.

இரண்டே இருக்கை. சிவப்பு. தரையோடு தரையாக ஓடும்.
ஆலுவாவில் வெள்ளம் வடிந்த வருடம்
இன்சூரன்ஸ் ஏலத்தில்
இரண்டு கறவை எருமை விலைக்கு எடுத்தேன்.
எஞ்சினைப் பிரித்துக் கழுவினேன்.
ஒயரை எல்லாம் உருவிப் புதிதாகப் போட்டேன்.
சைலன்சரை மட்டும் தொடவில்லை,
சத்தம்தானே, வருகிற வரை வரட்டும் என்று.

நாலு மணிக்கு மூடி கழன்றது.

பஞ்சு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை,
முன்பக்கம் கரி, பின்பக்கம் காலி.
நடுவில் துளைக்குழாயைக் கட்டிப்பிடித்தபடி
கெட்டியாக ஒரு வளையம்.
திருப்புளியால் குத்தினேன்,
செங்கல் பொடி மாதிரி உதிர்ந்தது.
பெரியாற்று வண்டல்.
நான் ஓட்டிய இத்தனை கிலோமீட்டரும்
அதைச் சூளை வைத்திருக்கிறேன்.
பொடிக்குள் வெந்தயம் அளவு ஒரு நத்தை ஓடு,
வெள்ளையாக, உடையாமல்.

வைக்க இடம் தெரியவில்லை.
ரிவெட் டப்பாவிலேயே போட்டேன்.

காற்று நின்றது.
முழங்கைவரை தேங்காயெண்ணெய், மேலே மழைக்கோட்டு,
மூக்கைச் சுற்றித் துண்டு.
முதலில் குழாய்க்கு இரும்புக் கம்பளி ஒரு சுற்று,
பிறகு பஞ்சு. சமையலறைத் தராசில் தொள்ளாயிரம் கிராம்.
இறுக்கினால் சத்தம் தகரத்தில் மோதித் திரும்பும்.
தளர்ந்தால் ஒரே மாதத்தில்
நெடுஞ்சாலைக்கு ஊதித் தள்ளிவிடும்.
பருத்தி நூலால் கட்டினேன்,
முதல் சூட்டிலேயே எரிந்துபோகும் என்று தெரிந்தே.
நூலின் வேலை
பஞ்சை உள்ளே கொண்டுபோய் விடுவது வரைதான்.
பூரிக்கட்டையால் மூடியைத் தட்டி உட்காரவைத்தேன்.
இனி அந்தக் கட்டையில் பூரி கிடையாது.

நீலத்திரை விலகியது. சாவியைத் திருகினேன்.
வெள்ளைப் புகை, திரி அணைந்த வாடை.
பிறகு அடித்தொண்டையில் ஒரு ஹம்.
மருதாசலம் டீ டம்ளரோடு எட்டிப்பார்த்து
"ஓடுதா?" என்றார்.

ஆர்.சி. புத்தகத்தின் பின்னட்டையில்
பென்சிலில் ஒரு எண் இருந்தது: ஜோஜி.
மூன்று வருடமாகக் கூப்பிட்டதில்லை.
இப்போது கூப்பிட்டு, யார் என்று சொல்லி,
போனைக் குழாய் வாயருகே பிடித்தேன்.
அந்த முனையில் ஏதோ பாத்திரம் கழுவும் ஓசை
நின்றது.
நத்தையைப் பற்றிச் சொல்லலாமா என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஆ சத்தம் இதல்லல்லோ சேச்சி,"
என்றான் கொஞ்சம் பொறுத்து.
"இன்னும் கொஞ்சம் சவிட்டு."

மிதித்தேன்.
இரண்டு கைகளிலும், எண்ணெயைத் தாண்டி,
அரிப்பு ஆரம்பித்திருந்தது.